இருபத்தாறு வருஷம் யூதனாக நடித்தவன் எழுதுவது

அன்புள்ள மகன்,

அம்மாவும் நானும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அது நீ பிறப்பதற்கு முந்தியே கெட்டுப்போனது, ஆகவே அந்தப் பழி உன்மேல் இல்லை. நீ என்னோடு கதைத்து ஒன்பது கிழமை ஆகிறது, இரண்டு மாதத்துக்கு மேல். அம்மாவோடு கதைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாலும் அவளுடைய சிரிப்புக்குக் கதவு காணாது. இந்தக் கடிதத்தை முதலில் உனக்கு மட்டும்தான் எழுதத் தொடங்கினேன். எங்கள் கோயில் பங்குச் சஞ்சிகையில் போடலாமா என்று ஃபாதர் கேட்டார். மாட்டேன் என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நான் செய்த மடவேலையை இருபத்தாறு வருஷமாகக் கொட்டாஞ்சேனைச் சனம் முழுக்கக் கூடி நின்று பார்த்தது. மன்னிப்பை மட்டும் எதற்காகக் கவருக்குள் ஒட்டி அனுப்ப வேண்டும்? ஆகவே கடிதம் உனக்கு. மற்றவர்கள் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

எட்டிப் பார்க்கிறவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆவணி மாதம் மெல்பேர்னில் உனக்குக் கலியாணம். பெண்ணின் பெயர் ஹன்னா, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், யூதப் பெண். அவள் தன் வேதத்தில் இருப்பாள், நீ உன் வேதத்தில் இருப்பாய். ஒரு ராபி சேர்த்துவைக்கச் சம்மதித்துவிட்டார், உன்னுடைய பங்கு ஃபாதரும் மேலிடத்தில் அனுமதி எடுத்துத் தந்துவிட்டார். எல்லாரும் சம்மதித்த பிறகு, சம்மதிக்காத ஒரே ஆள் கொட்டாஞ்சேனையில் இருக்கிற உன் அப்பன். வெளியே சொல்லவில்லை. ஆனால் "கலியாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுப்பாதானே, பேர் நான் வைக்கிறன்" என்று உன்னிடம் போனில் சொன்னேன். நீ அதைச் சிரித்து விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு நான் செய்த வேலையை உன்னால் சிரித்து விடமுடியவில்லை. நீ அனுப்பிய கடைசிச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "அப்பா, அவ மாறணும் எண்ட நினைப்போட வாறதெண்டா, நீங்க வராம இருக்கிறதுதான் நல்லம்." விசா கிடைத்து, குளிருக்கு ஒரு கோட்டும் வாங்கிய பிறகு வந்த செய்தி. நான் பதில் போடவில்லை. ரோசம் என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் ரோசம்தான். அதற்குப் பிறகு, என்னிடம் இருந்த பதில் பிழையான பதில் என்று எனக்கே விளங்கத் தொடங்கிவிட்டது. சரியானதைத் தேடித் திரிந்ததில் ஒன்பது கிழமை போய்விட்டது. ஏழாம் வகுப்போடு துறைமுகத்துக்குச் சாமான் தூக்கும் வின்ச் ஓட்டப் போனவனுக்கு அது பெரிய தாமதம் இல்லை.

நான் செய்த வேலை என்னவென்றால் இதுதான். பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் கோயில் வளவில் பாஸ் நாடகம் நடக்கும், ஆண்டவருடைய பாடுகளை நடித்துக் காட்டுவார்கள். அதில் நான்தான் பெரிய யூதன். தலையில் கூம்புத் தொப்பி, தும்பில் செய்த தாடி, மஞ்சள் அங்கி, கையில் சாக்குக் கயிற்றில் திரித்த சவுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு வளைந்த மூக்கு. ஆண்டவர் சிலுவை தூக்கிக்கொண்டு போகையில் நான் பின்னால் நொண்டி நொண்டிப் போய்ப் பகிடி விடுவேன். சனம் ஒரு பக்கம் அழும், மறுபக்கம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். பிள்ளைகள் கடலைக் கோதால் எறிவார்கள். நீயும் எறிந்தாய், எட்டு வயதில், முன்வரிசையில் இருந்துகொண்டு. கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன்காரன்கூட என்னை யூதன் அங்கிள் என்றுதான் கூப்பிடுவான். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கமாட்டேன்.

தவக்காலத்து முதல் ஞாயிறு நீ வீடியோ கோல் எடுத்து ஹன்னாவின் தகப்பனை எனக்கு அறிமுகப்படுத்தினாய். நல்ல மனிசன், கண்ணாடி போட்டவர், மெதுவாகக் கதைக்கிறவர். எனக்கு அவரோடு கதைக்க இங்கிலீஷ் காணாது. துறைமுகத்து இங்கிலீஷில் இருப்பது பாதி கட்டளை, மீதி கெட்ட வார்த்தை. சம்பந்திக்கு எப்படி நெருக்கத்தைக் காட்டுவது என்று யோசித்தேன். ஒத்திகை தொடங்கும் காலம், ஆகவே நாடக உடுப்பு அலுமாரிக்கு மேலே இருந்து இறக்கி வைத்தபடி இருந்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போய்த் தொப்பியையும் தாடியையும் மூக்கையும் மாட்டிக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் நின்றேன். நானும் யூதன்தான், இருபத்தாறு வருஷம், என்று சொல்லி இரண்டடி நொண்டியும் காட்டினேன். மகன், நான் சத்தியமாக அந்த மனிசனைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அவர் இருந்த வெற்றுக் கதிரையையே கொஞ்ச நேரம் போன் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு உன் முகம் வந்தது, அதுவும் போனது. பின்னாலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அது என்னத்துக்கு இப்ப?"

இந்த இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்லிவைக்கிறேன், நீயும் என் வித்துதானே, பகிடி உனக்கும் வரும். பகிடி விடுகிறவன் கூட்டத்தைப் பார்த்து அதை விடக்கூடாது. யாரைப் பற்றிய பகிடியோ அவரைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு விட வேண்டும். இருபத்தாறு வருஷம் நான் யூதரைப் பற்றிப் பகிடி விட்டபோது எங்கள் கோயில் வளவில் ஒரு யூதரும் இருக்கவில்லை. முதன்முதலாக ஒருவர் இருந்து பார்த்த அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஹன்னா எனக்குத் தனியே போன் எடுத்தாள். உனக்குச் சொன்னாளோ தெரியாது. அவள் கதைத்தது ஆறுதலான இங்கிலீஷ், எனக்காக ஒவ்வொரு சொல்லாக வைத்தாள், சின்னப் பிள்ளைக்குப் படியில் இறங்கச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. ஏசுவாள் என்று நினைத்து நான் மூன்று மன்னிப்பைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவள் ஏசவில்லை. அந்த நாடகத்தில் இயேசுவும் அப்படி மூக்கு வைத்திருந்தாரா என்று கேட்டாள். இல்லை, அவருக்கு நல்ல மூக்கு, பேங்கில் வேலை செய்கிற பொடியன்தான் அவராக நடிக்கிறவன், என்றேன். அவருடைய அம்மா? இல்லை. பேதுரு? இல்லை. எனக்கு விளங்கிவிட்டது, மகன். எங்கள் மேடையில் நின்ற அத்தனை பேரும் யூதர். ஆண்டவர் யூதர், மாதா யூதப் பெண், பேதுரு, அருளப்பர், மதலேன் எல்லாரும் அந்தச் சனம்தான். மூக்கு மட்டும் எனக்கு.

பிறகு அவள் தன் பாட்டனைப் பற்றிச் சொன்னாள். அவர் சின்ன வயதில் ஐரோப்பாவில் இருந்தவராம். பெரிய வெள்ளி வந்தால் அவர்கள் வீட்டில் யன்னல் கதவெல்லாம் காலையிலேயே சாத்திவிடுவார்களாம். அன்றைக்கு இப்படி நாடகம் பார்த்துவிட்டு வருகிற சனம், யூதர் வீடுகளைத் தேடி வருமாம். கடவுளைக் கொன்ற சாதி, கடவுள் கைவிட்ட சாதி என்று சொல்லிக் கல்லெறிவார்களாம். தன் தகப்பன் எழுந்து போனது கோபத்தில் இல்லை, பாட்டன் சொல்லிக் கேட்ட அந்த யன்னல் அவருக்கு ஞாபகம் வந்ததில்தான், என்றாள். எனக்கும் ஒரு யன்னல் ஞாபகம் வந்தது. எண்பத்துமூன்று ஜூலையில், தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்தில், நீ பிறக்கவில்லை. அம்மாவும் நானும் கலியாணம் முடித்து ஐந்து மாதம். என்னோடு வின்ச்சில் நின்ற, நான் அய்யே என்று கூப்பிடுகிற சிங்கள அண்ணன் எங்களைத் தன் வீட்டுப் பின்னறையில் வைத்து யன்னலைச் சாத்தி, முன்வாசலில் கதிரை போட்டு மூன்று நாள் குந்திக்கொண்டிருந்தார். வீதியில் வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. எங்கேயோ யாரோ செய்ததற்கு என்னைப் போன்றவன் பதில் சொல்ல வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அனுபவித்த நான், பதினைந்து வருஷம் கழித்து அந்த மூக்கை ஒட்டிக்கொண்டு சவுக்கோடு நின்றேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வயிற்றை நீ அறிவாய். அது சாதாரணச் சம்பவம் இல்லை.

அடுத்த நாள் ஃபாதரிடம் போனேன். புது ஃபாதர், உன்னை விட வயது குறைவு, மீசை இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் படித்தவர். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. நாடகத்தில் யாரோ ஒருவருக்கு மனம் நொந்தது வேறு விஷயம். ஆனால் அந்தச் சனத்தைக் கடவுள் கைவிட்டுவிட்டார், அவர்கள் இருந்த இடத்துக்கு எங்களை எடுத்தார் என்றுதானே ஞாயிறு மறைக்கல்வியில் நான் படித்தது. அது உண்மையென்றால், ஹன்னா மாறத்தானே வேண்டும்? ஃபாதர் என்னைப் பார்த்துவிட்டு, பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதருக்காக ஒரு மன்றாட்டு இருக்கிறதே, கேட்டிருக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். ஐம்பது வருஷமாகக் கோயிலுக்கு வருகிறீர்களே என்றார். வருகிறேன்தான், ஆனால் அந்த நேரம் நான் ஃபாதர்மார் உடுப்பு மாற்றுகிற சக்கிறீஸ்துக்குப் பின்னால் மூக்கு ஒட்டிக்கொண்டிருப்பேன், பசை காய அரைமணித்தியாலம் வேண்டும் என்றேன். ஃபாதர் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ முயற்சி செய்தார். முடியவில்லை.

பிறகு சொன்னார். அந்த மன்றாட்டில் திருச்சபை, கடவுள் முதன்முதலில் பேசின சனம் என்று அவர்களைச் சொல்லி, அவருடைய உடன்படிக்கையில் அவர்கள் இன்னும் பிரமாணிக்கமாய் வளர வேண்டும் என்று கேட்கிறதாம். முறிந்துபோன உடன்படிக்கையில் ஒருவன் எப்படி வளருவான் என்று ஃபாதர் என்னைத் திருப்பிக் கேட்டார். சின்னப்பர், இப்போது பவுல் என்கிறார்கள், ஆள் ஒன்றுதான், அவரும் யூதர்தான், உரோமையருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றி மூன்று அதிகாரம் எழுதியிருக்கிறாராம். கடவுள் கொடுத்ததையும் கூப்பிட்டதையும் திருப்பி எடுக்கிறவர் இல்லை என்பது அதன் சாரமாம். அவர்கள் ஒலிவ மரம், நாங்கள் அதில் ஒட்டிய காட்டுக் கிளை, கிளை வேரைப் பார்த்துப் பெருமை அடிக்கக்கூடாதாம். நான் ஒலிவ மரத்தைக் கண்டதில்லை, எண்ணெய்ப் போத்தலைத்தான் கண்டிருக்கிறேன். ஆனால் ஒட்டு மாங்கன்று தெரியும். பாமன்கடைப் பெரியம்மா வீட்டு ஒட்டுமாவை நீ ஏறி முறித்தாய், நினைவிருக்கும். காய்ப்பதென்னவோ ஒட்டின கிளைதான். ஆனால் அந்தக் கிளை அடிமரத்தைப் பார்த்து, உன் வேலை முடிந்தது, இனி நீ விறகு என்று சொன்னால் எப்படி இருக்கும்? நான் அதைத்தான் சவுக்கு வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

ஃபாதர் சொன்னது தலைக்குள் போனது. நெஞ்சுக்குள் இறக்கினது அம்மா. வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்ன பிறகும் நான் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன், புதுக்கடைக் கோர்ட்டில் வாதாடுகிற பிரக்கிராசி மாதிரி. அவர்கள் எத்தனை தரம் கடவுளை விட்டுப் போனார்கள், கன்றுக்குட்டி செய்தார்கள், தீர்க்கதரிசிகளை அடித்தார்கள், ஆண்டவரை ஏற்கவில்லை, கடவுளுக்கும் பொறுமைக்கு ஒரு அளவு இருக்காதா என்றேன். அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"செமினறிய விட்டுட்டு வந்த அண்டைக்கு பஸ் ஸ்டாண்டில வச்சு அவனுக்கு என்ன சொன்னீங்க?"

நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்கமாட்டாய். உனக்குப் பத்தொன்பது வயது. ஒரு பெட்டியோடு இறங்கினாய். குருவாக வரப்போகிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், சனத்துக்கு முன்னால், இனி நீ எனக்குப் பிள்ளை இல்லை என்றேன். பெட்டியைக்கூடத் தூக்கவில்லை. ஆறு மாதம் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்காக நான் உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதும் இல்லை. கறிக்குள் பெரிய மீன்துண்டை உன் பக்கம் தள்ளிவிட்டதோடு சரி. இப்போது கேட்கிறேன். எழுத்தில், ஊர் அறிய.

"சொன்னீங்கதானே. பிறகு அவன் உங்களுக்குப் பிள்ளையில்லாமப் போயிட்டானா?" என்றாள் அம்மா. "ஆறு மாசமும் அவன் வந்து படுத்தாப் பிறகுதானே கேற்றப் பூட்டினீங்க. ஒரு வின்ச்காரனாலயே பிள்ளைய வெட்டி விடேலாமப் போச்சு. கடவுள் உங்கள விடக் குறைஞ்ச தகப்பனா?"

பிறகு இறாலைக் கழுவப் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் கடவுள் விட்டுவிட்டார் என்றால், ஞானஸ்நானத்தில் எங்களுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் வைத்திருப்பார் என்று யார் பொறுப்பு நிற்பது என்றாள். நாங்கள் மட்டும் என்ன, கன்றுக்குட்டி செய்யாத சனமா என்றாள். மூன்று அதிகாரத்தில் சின்னப்பர் எழுதியதை உன் அம்மா இரண்டு பிடி இறாலில் முடித்துவிட்டாள். அன்றைக்கு நான் வழக்கை வாபஸ் வாங்கினேன்.

நீ கேட்பாய், அப்படியென்றால் அப்பா ஆண்டவரை விசுவசிக்கவில்லையா என்று. விசுவசிக்கிறேன். அவர்தான் மெசியா என்று சொல்லித்தான் செபமாலையோடு என்னைப் பெட்டிக்குள் வைப்பீர்கள். ஹன்னாவுக்கு அது இல்லை. இந்த இரண்டையும் கடவுள் கடைசியில் எப்படிச் சேர்த்துக் கட்டப்போகிறார் என்று ஃபாதரிடம் கேட்டேன். சின்னப்பரும் அந்த இடத்தில் கையைத் தூக்கிக் கடவுளைப் புகழ்ந்துவிட்டு விட்டுவிட்டாராம். அவருக்கே அது போதுமென்றால் எனக்கு ஏன் அவசரம்? எந்தக் கட்டு எந்தத் துறையில் இறங்கும் என்பது வின்ச்காரனுக்குத் தெரியத் தேவையில்லை. கயிறு அறாது என்று தெரிந்தால் போதும். கயிறு அறாது, மகன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். சந்தியில் தேத்தண்ணிக் கடை முஸ்லிம் நானா ஒரு நாள் கேட்டார், உங்கட சம்பந்தியின் ஆட்கள் அங்கே காஸாவில் செய்கிறதைப் பார்த்தீர்களா என்று. பார்க்கிறேன் நானா, பிள்ளைகள் சாகிறதைப் பார்க்க எனக்கு டீவியை நிப்பாட்டிவிடத்தான் வருகிறது, என்றேன். கடவுள் ஒரு சனத்துக்குக் கொடுத்த வாக்கு எந்த அரசாங்கத்தின் துவக்குக்கும் சுடக் கொடுத்த லைசன்ஸ் இல்லை. ஆனால் மெல்பேர்னில் பள்ளிக்கூடம் படிப்பிக்கிற ஒரு பிள்ளையிடம் அதற்குக் கணக்குக் கேட்கவும் மாட்டேன், எங்களிடம் ஒரு காலம் கேட்டார்களே, அதுபோல, என்றேன். கோயில்களில் ஈஸ்டர் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம் என்று தன்னிடமும் கணக்குக் கேட்டார்கள்தான் என்றார் நானா. பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு நாடகத்துக்கு வந்தேன். எங்கள் பாஸை நாற்பது வருஷமாகப் பழக்குகிறவர் ஸ்டீபன் மாஸ்டர், உனக்குக் கணக்குப் படிப்பித்து நீ தப்பி ஓடினாயே, அவர்தான். இந்த வருஷம் மூக்கு இல்லை என்று அவரிடம் சொன்னேன். மூக்கு இல்லாவிட்டால் யார் கெட்டவன் என்று சனம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்றார். உனக்கு வயசு போய்விட்டது, ஆட்டம் ஏலாது, அதற்குச் சாட்டுச் சொல்கிறாய் என்றும் குத்தினார். முழங்காலைப் பற்றி அவர் எழுப்பியதும் எனக்கு ஏறிவிட்டது.

"சரி, மூக்குப் போடுவம். எல்லாருக்கும் போடு ஸ்டீபன். ஆண்டவருக்கு முதல்ல ஒட்டு."

"விசரா உனக்கு?"

"அவர் எந்தச் சாதி? சொல்லு பாப்பம். மாதாவுக்கும் ஒண்டு வெட்டு, கொஞ்சம் சின்னதா."

மாஸ்டர் பேங்க் பொடியனைத் திரும்பிப் பார்த்தார். அவனுடைய முகத்தில் மட்டை மூக்கை மனதுக்குள் ஒட்டிப் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து ஒரு யோசனை சொன்னார், பழைய வாத்தியார் இல்லையா, பிடித்தால் விடமாட்டார். சிலுவையில் அறையும் என்று கத்துகிற பகுதியை மேடையில் இருக்கிற யூதர்களிடம் கொடுக்காமல், கீழே இருக்கிற எங்கள் சனத்திடமே கொடுப்பது என்றார். அப்படித்தான் நடந்தது. சாரம் கட்டியவன், சேர்ட் போட்டவன், கைக்குழந்தையோடு வந்தவள், தூரத்தில் இருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், எல்லாரும் எழுந்து நின்று கத்தினோம். கத்தி முடிந்த பிறகு ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. நான் பேதுருவாக நடித்தேன். பகிடி இல்லாத பாத்திரம். மூன்று தரம் தெரியாது என்று சொல்லிவிட்டு அழ வேண்டும். உள்ளதைச் சொன்னால், சனத்தின் சிரிப்பு இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கிழவி நாடகம் முடிந்ததும் வந்து, இந்த முறை உப்புச்சப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அன்றைக்கு நாடகத்துக்கு முந்தி நடந்த மூன்று மணி வழிபாட்டில், முதன்முறையாக நான் சனத்தோடு வாங்கில் இருந்தேன். அந்த மன்றாட்டு வந்தது. முழங்காலில் இருக்கச் சொன்னார்கள். என் முழங்காலின் நிலைமை உனக்குத் தெரியும். இருந்தேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய், ஹன்னாவின் தகப்பனுக்கு நானே போன் எடுத்தேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் நீ தடுத்திருப்பாய். ஃபாதர் இங்கிலீஷில் எழுதித் தரவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். எழுதித் தந்தால் அது ஃபாதருடைய மன்னிப்பு. என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். நான் செய்தது பிழை, தெரியாமல் செய்தேன், ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். எண்பத்துமூன்றையும் சொன்னேன். உங்களைக் கடவுள் கைவிட்டார் என்று நான் இவ்வளவு காலம் நம்பினேன், இனி நம்பமாட்டேன், உங்கள் மகள் என் வீட்டுக்குக் கடவுள் கைவிட்ட பிள்ளையாக வரவில்லை, கடவுள் கையில் இருக்கிற பிள்ளையாக வருகிறாள் என்றேன். இதைச் சொல்ல நான் எத்தனை சொல்லில் தடுக்கி விழுந்தேன் என்று கேட்காதே. அவர் இந்த முறை எழுந்து போகவில்லை, மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் என் தகப்பனுடைய வீட்டுக்குக் கல்லெறிந்தவர்களில் ஒருவரும் பிறகு வந்து கதவைத் தட்டவில்லை."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை, அம்மாவுக்கும் விளங்கவில்லை. போன சனிக்கிழமை பொழுதுபட்ட பிறகு ஹன்னா ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். அவர்களுடைய கலியாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மேல் ஏழு ஆசீர் சொல்லுவார்களாம், வேண்டிய ஆட்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்களாம். ராபி அதை அவர்கள் பாஷையில் சொல்ல, பிறகு ஒருவர் விளங்கும் பாஷையில் வாசிக்கலாமாம். ஐந்தாவதைத் தமிழில் நான் வாசிக்கட்டும் என்று தகப்பன் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இல்லாமல் கிடந்த தாய்க்குப் பிள்ளைகள் திரும்பி வருகிற சந்தோஷத்தைப் பற்றியது அது. ஃபாதர் இருந்து தமிழாக்கித் தந்தார். நான் காலையும் பின்னேரமும் வாசித்துப் பழகுகிறேன். அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு, "ஏலம் போடுற மாதிரி வாசிக்காதீங்க" என்கிறாள்.

ஆகவே, மகன், ஒன்பது கிழமைக்குப் பிறகு என் பதில் இது. ஹன்னா மாற வேண்டும் என்ற நினைப்பு என்னிடம் இல்லை. அவளுக்கு நான் பேர் வைக்கமாட்டேன், நல்ல பேர் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் தன் ஓய்வுநாள் விளக்கு ஏற்றும்போது நீ போனை நோண்டிக்கொண்டு இராதே, நெருப்புப்பெட்டியை எடுத்துக் கொடு. ஞாயிறு நீ பூசைக்குப் போக மறந்தால் அவள் உன்னைத் துரத்துவாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. கலியாணச் சாப்பாட்டில் பன்றிக் கறி இல்லாதது அம்மாவுக்குத்தான் இன்னும் முழுதாகச் சீரணிக்கவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வருவதா வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும், சம்பந்தி சொல்லிவிட்டார் என்பதற்காக நீ சொல்ல வேண்டாம். நொந்தது நீயும்தான். வாங்க என்றால் வருகிறேன், சும்மா ஒரு கிழவனாக, பின்வரிசையில் கோட்டைப் போர்த்துக்கொண்டு இருப்பேன், கூப்பிட்டால் மட்டும் எழுந்து வந்து வாசிப்பேன். வேண்டாம் என்றால் கோபிக்கமாட்டேன். அன்றைக்கு உங்களுக்குப் பின்னேரம் நாலு மணி ஆகும்போது எங்களுக்குக் காலை பதினொன்றரை. நீங்கள் இரண்டு பேரும் அவர்களுடைய கலியாணப் பந்தலுக்குக் கீழே நிற்கிற நேரம், கொட்டாஞ்சேனையில் நான் எழுந்து நின்று அந்த ஐந்தாவது ஆசீரை முழுதாக வாசிப்பேன். அதற்கு விசா தேவையில்லை.

உன் அப்பா